விட்டுப்போன மறுநாள் என்ன செய்வது: நிதானமாக முன்னேற ஒரு முழுமையான வழிகாட்டி

என் அலமாரியில் 11 பழைய நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஒரே மாதிரி கட்டம் போட்டிருப்பேன். இடப்பக்கம் தேதி, மேலே எழுத்து, நடை, வாசிப்பு, நேரத்துக்குத் தூக்கம் என்று நான்கு தலைப்புகள். முதல் எட்டு, ஒன்பது நாட்கள் வரிசையாக டிக் இருக்கும். பத்தாம் நாள் ஒரு கட்டம் காலி. பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு பக்கம் முழுக்க வெள்ளை. ஆரம்ப சூரத்தனம் என்று நம் மொழியில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது.

பல வருடங்கள் கழித்துத்தான் அந்த நோட்டுகளை ஒன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உடைந்த இடம் ஒன்றுதான்: முதல் காலிக் கட்டத்துக்கு மறுநாள். எப்படித் தொடங்குவது என்று நாள்கணக்கில் யோசித்திருக்கிறேன். ஒரு நாள் விட்டுப்போனால் எப்படித் திரும்புவது என்று ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. அதைத் திருத்திக்கொண்ட பிறகு, கடந்த ஆறு வருடங்களாக அந்த நான்கு பழக்கங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. இடையில் விட்ட நாட்கள் நிறைய உண்டு. நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் கவனிப்பது

திருந்த வேண்டும் என்று தோன்றியதும் உடனே எதையாவது தொடங்கிவிடத்தான் கை பரபரக்கும். ஒரு வாரம் பொறுங்கள். இந்த வாரம் முழுக்க எப்போதும் போலவே இருங்கள். என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நாம் செய்வதில் பெரும்பகுதி யோசித்துச் செய்வது இல்லை. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை மணிக்கு ஒருமுறை தாங்கள் செய்துகொண்டிருப்பதைக் குறிக்கச் சொன்னார்கள். அப்படிக் குறித்த செயல்களில் சுமார் 43 சதவீதம் கிட்டத்தட்ட தினமும், பெரும்பாலும் அதே சூழலில் செய்யப்படுபவை. கையும் காலும் தானாகச் செய்துகொண்டிருப்பதை முதலில் கண்ணால் பார்த்தால்தான் மாற்ற முடியும்.

என் நோட்டிலிருந்து ஒரு காலைப்பொழுதை அப்படியே தருகிறேன். "10.40, அறிக்கையைத் திறந்தேன். 10.47, கைப்பேசி. 10.58, திரும்ப அறிக்கை. 11.03, கைப்பேசி." எனக்குச் சோம்பல், கவனச்சிதறல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து கைப்பேசியை எடுத்த நேரத்துக்குப் பக்கத்தில், எடுப்பதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது என்பதையும் எழுதினேன். "ஒரு வாக்கியம் வரவில்லை." "இந்த எண் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை." "அடுத்த பத்தியை எப்படித் தொடங்குவது?" ஏழு நாட்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. சலிப்பால் கைப்பேசியைத் தொடவில்லை. வேலையில் முட்டி நின்ற நொடியில்தான் தொட்டிருக்கிறேன். அப்படியானால் எனக்குத் தேவை முட்டி நிற்கும்போது செய்ய ஒரு வேறு காரியம். அதற்குப் பிறகு, வாக்கியம் வராவிட்டால் ஒரு துண்டுத் தாளில் "நான் சொல்ல வருவது என்னவென்றால்..." என்று கிறுக்கத் தொடங்கினேன். கைப்பேசியைப் பூட்டி வைக்கும் செயலிகள் எதுவும் செய்யாததை இந்தத் துண்டுத் தாள் செய்தது. இப்படிக் குறிக்காமல் இருந்திருந்தால், இல்லாத சோம்பலோடு இன்னும் பத்து வருடம் மல்லுக்கட்டியிருப்பேன்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு தலைப்புகளை ஒரே நாளில் தொடங்கியதுதான் என் பழைய நோட்டுகளின் முதல் தவறு. ஒன்று போதும். எதை என்று குழப்பமாக இருந்தால், தூக்கத்தைப் பாருங்கள். நாளுக்கு 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிக்கொண்டு மற்ற எதையும் திருத்த முயல்வது வீண் பாடு என்பது என் உறுதியான கருத்து. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழுவை 14 நாட்கள் தினமும் 6 மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கவிட்டார்கள். முடிவில் அவர்களுடைய கவனமும் நினைவும், இரண்டு இரவு வரை முற்றிலும் கண்விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தன. ஆனால், அவர்களைக் கேட்டால் கொஞ்சம்தான் தூக்கக் கலக்கம் என்றார்கள். குறைந்த தூக்கம் பழகிவிட்டது என்று சொல்கிற யாரும் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரிவதில்லை.

தூக்கம் சரியாக இருக்கிறது என்றால், எது நடந்தால் மற்றவை எளிதாகுமோ அதை எடுங்கள். சிலருக்கு அது நடை. சிலருக்கு மறுநாள் வேலையை முந்தைய மாலையே எழுதிவைப்பது.

மோசமான நாளுக்கான அளவு

இனி அளவு. உற்சாகமான நாளில் உட்கார்ந்துகொண்டு அளவை முடிவு செய்யாதீர்கள். லேசான காய்ச்சல், வீட்டில் விருந்தினர், வேலையில் ஒரு சண்டை, இவை மூன்றும் ஒரே நாளில் வந்தாலும் செய்ய முடிகிற அளவு எதுவோ, அதுதான் உங்கள் அளவு. நான் இதை அடி அளவு என்று சொல்லிக்கொள்கிறேன். வாசிப்புக்கு எனக்கு 2 பக்கம். நடைக்குத் தெருமுனை வரை போய்த் திரும்புவது. எழுத்துக்கு 3 வரி. நல்ல நாளில் இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் கணக்கில் டிக் போட அடி அளவே போதும்.

இரண்டு மாதம் நன்றாகப் போனதும் அடி அளவை ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். 2 பக்கத்தை 20 பக்கமாக்கினேன் ஒருமுறை. அதற்கு முன்பும் பல நாட்கள் 20 பக்கம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். வித்தியாசம் என்னவென்றால், கடமையான பிறகு 15 பக்கம் படித்த இரவுகூடத் தோற்ற இரவாகிவிட்டது. மூன்று வாரத்தில் புத்தகத்தைப் பார்த்தாலே ஒரு குற்ற உணர்வு. அளவைத் திரும்ப 2-க்கு இறக்கியதும்தான் மூச்சு வந்தது.

எப்போது, எதற்குப் பிறகு, எங்கே

"தினமும் படிப்பேன்" என்பது ஆசை. அதை ஒரு திட்டமாக்க மூன்று விவரங்கள் வேண்டும்: எப்போது, எதற்குப் பிறகு, எங்கே. "இரவு பல் துலக்கி முடித்ததும், கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து, 2 பக்கம் படிப்பேன்." எழுதிப் பார்த்தால் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடங்கள் ஆராய்ந்தது இந்த மாதிரி வாக்கியங்களைத்தான். "இது நடந்தால், அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டி வைத்த திட்டங்களைப் பற்றிய 94 சோதனைகளை அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் எண்ணம் மட்டும் இருந்தவர்களைவிட, இப்படிக் கட்டிவைத்தவர்கள் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகச் செய்து முடித்திருந்தார்கள்.

கடிகார நேரத்தைவிட, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது எனக்குக் கைகொடுத்தது. இரவு 9.30 சில நாள் கவனிக்காமலே கடந்துபோய்விடும். பல் துலக்காமல் நான் படுப்பதில்லை.

தடைக்கும் இதே மாதிரி ஒரு வாக்கியம் எழுதிவையுங்கள். "மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் நடப்பேன்." மழை வந்த பிறகு யோசிக்க உட்கார்ந்தால் மனம் எப்போதும் ஒரே முடிவைத்தான் எடுக்கும்.

இடத்தைத் தயார் செய்வது ஐந்து நிமிட வேலை. புத்தகம் தலையணை மேல், நடைக்கான செருப்பு வாசலைப் பார்த்தபடி, நோட்டு திறந்த நிலையில், அதன் மேல் மூடி கழற்றிய பேனா. விட நினைக்கிற விஷயத்துக்கு இதைத் திருப்பிப் போடுங்கள். கைப்பேசியின் மின்னேற்றி அடுத்த அறையில் இருக்கட்டும்.

விட்டுப்போன நாள்

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் கேட்டிருப்போம். 1960-இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகளுக்குத் தங்கள் புதிய முகம் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று எழுதினார். "குறைந்தது" என்ற சொல் போகிற வழியில் உதிர்ந்துபோய், முகத்தைப் பற்றிச் சொன்னது எல்லாப் பழக்கத்துக்குமான விதியாகிவிட்டது. இந்த எண்ணால் எத்தனை பேர் 22-ஆம் நாள் மனம் உடைந்து விட்டிருப்பார்களோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் இதை நேராகவே அளந்தார்கள். 96 பேர் ஆளுக்கொரு புதிய செயலைத் தேர்ந்துகொண்டு 12 வாரம் செய்தார்கள். செயல் எவ்வளவு தானாக நடக்கிறது என்று தினமும் பதிவு செய்தார்கள். தானாக நடக்கும் நிலை ஏறத்தாழ உச்சத்தைத் தொட ஆன காலத்தின் நடு மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. (ஆய்வே 12 வாரம்தான் நடந்தது, அதற்கு மேலான எண்கள் அவரவர் போக்கை நீட்டிக் கணக்கிட்டவை.) எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு ஏற்படவில்லை.

இதைப் படித்த அன்று பழைய நோட்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலிக் கட்டங்கள் எதையும் கெடுத்திருக்கவில்லை. "எல்லாம் போச்சு" என்று அதற்கு நான் கொடுத்த அர்த்தம்தான் கெடுத்திருக்கிறது.

விட்டுப்போன மறுநாள் நான் செய்வது இதுதான். அடி அளவை மட்டும் செய்வேன். நேற்றையதையும் சேர்த்து 4 பக்கம் படிப்பது கிடையாது; கடனாக நினைத்தால் மூன்றாம் நாள் அது 6 ஆகும், ஒரு வாரத்தில் அடைக்க முடியாத கடனாகும். பிறகு, காலிக் கட்டத்துக்குள் என்ன நடந்தது என்பதை நாலு சொல்லில் எழுதுவேன். "மீட்டிங் 9 வரை நீண்டது." திட்டுவது கூடாது. "சோம்பேறி" என்று எழுதினால் அடுத்து என்ன செய்வது என்று அதிலிருந்து எதுவும் தெரியாது. "மீட்டிங் 9 வரை" என்று எழுதினால் தெரியும். ஒரே காரணம் ஒரே வாரத்தில் இரண்டாம் முறை வந்தால் திட்டத்தை மாற்றுவேன். அப்படித்தான் மாலை நடை எனக்குக் காலை நடையாயிற்று.

நீண்ட இடைவெளி வேறு விஷயம். என் அப்பா உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது 23 நாட்கள் எந்தக் கட்டத்திலும் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் பழக்கத்தைப் பற்றி நினைக்கக்கூட வேண்டாம். அங்கே இருக்க வேண்டியது மட்டும்தான் வேலை. எல்லாம் ஓய்ந்து வீடு திரும்பிய இரவு, பல் துலக்கிவிட்டுக் கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்தேன். தலையணை மேல் அதே புத்தகம், 118-ஆம் பக்கத்தில் அடையாளம் வைத்தபடி இருந்தது. கதையில் யார் யார் என்பது மறந்துவிட்டிருந்தது. 2 பக்கம் படித்தேன். அந்த 23 கட்டங்களுக்கும் குறுக்கே ஒரு நீளக் கோடு போட்டு "அப்பா" என்று எழுதினேன். அடுத்த இரண்டு வாரத்தைப் புதிதாகத் தொடங்குபவரின் முதல் இரண்டு வாரம் போலவே எண்ணிக்கொண்டேன்: ஒரே பழக்கம், அடி அளவு. மற்ற மூன்றும் பிறகு ஒவ்வொன்றாகத் தாமாகவே வந்து சேர்ந்தன.

வேலையில் வளர்வதற்கு வேறு முறை

இங்கே பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். பழக்கம் என்பது யோசிக்காமல் நடப்பது. திறமை யோசிக்காமல் செய்தால் வளராது. இருபது வருடம் தட்டச்சு செய்தவர்கள் எல்லோரும் இருபது வருடம் வேகம் கூடிக்கொண்டே போனவர்கள் இல்லையே. மேசைக்கு உங்களைக் கொண்டு வருவது பழக்கம். உட்கார்ந்த பிறகு முழுக் கவனம் வேண்டும்.

ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். சிறந்த மாணவர்கள் தனியாகப் பயிற்சி செய்தது நாளுக்குச் சராசரியாக 3½ மணி நேரம். இசை ஆசிரியராகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் 1.3 மணி நேரம். மணிக்கணக்கை விட்டுவிடுங்கள், ஆய்வாளர்கள் முக்கியமாகச் சொன்னது பயிற்சியின் தன்மை பற்றி. வராத இடத்தைத் தனியே எடுத்து, அதை மட்டும், தவறு உடனுக்குடன் தெரியும்படி திரும்பத் திரும்பச் செய்வது. பாடல் முழுவதையும் வாசித்து மகிழ்வது வேறு, சிக்குகிற நான்கு ஸ்வரத்தில் உட்கார்ந்திருப்பது வேறு.

உங்கள் வேலையில் அந்த நான்கு ஸ்வரம் எது? எனக்கு அறிக்கைகளின் முதல் பத்தி. ஒரு மாதத்துக்கு முன் அனுப்பியவற்றை வெள்ளிக்கிழமை எடுத்துப் படிப்பேன். எழுதிய அன்று தெளிவாகத் தோன்றியது, இப்போது மூன்றாம் வரி வரை எதைப் பற்றியது என்றே புரியாது. அந்தப் பத்தியை மட்டும் மறுபடி எழுதுவேன். 15 நிமிடம்.

மற்றவர்களிடம் கருத்துக் கேட்கும்போது "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும், அவர்கள் நல்லவர்கள். "இதில் ஒரே ஒரு இடத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். சொன்னதும் விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அடுத்த முறை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

படிப்பதற்கும் ஒரு சிறு மாற்றம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். நினைவில் இருப்பதை எழுதுங்கள். அப்புறம் திறந்து சரிபாருங்கள். கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டம்தான் வேலை செய்கிறது.

தவறுகளுக்கு ஒரு தனிப் பக்கம் வையுங்கள். ஒருமுறை பழைய எண்களோடு ஓர் அறிக்கையை அனுப்பிவிட்டேன். "இனி கவனமாக இருப்பேன்" என்று மன்னிப்புக் கேட்டிருந்தால் அதே தவறு மறுபடி நடந்திருக்கும். கார் நிறுவனமான டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் வலியுறுத்திய ஒரு முறை உண்டு: ஒரு கோளாறு வந்தால் ஏன் என்று ஐந்து முறை கேட்பது. கேட்டேன். ஏன் பழைய எண்? பழைய கோப்பை எடுத்தேன். ஏன்? இரண்டு கோப்புக்கும் ஒரே மாதிரி பெயர். ஏன்? இருவர் தனித்தனியே சேமிக்கிறோம். ஏன்? எங்கே சேமிப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நான்காவதிலேயே விடை வந்துவிட்டது. 10 நிமிடம் பேசி, பெயரின் முன்னால் தேதி போடுவது என்று முடிவு செய்தோம். அந்தத் தவறு அதற்குப் பிறகு வரவில்லை.

நேரக் கணிப்பையும் எழுதிவையுங்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள், முடித்தது 55 நாளில். என் கணக்கில் நான் சொல்கிற நேரத்தை ஒன்றரையால் பெருக்கினால் சரியாக வருகிறது. இப்போது பெருக்கிய எண்ணைத்தான் சொல்கிறேன். தாமதமாகும் என்று தெரிந்த அன்றே, கெடுவுக்குக் காத்திருக்காமல், சொல்லிவிடுகிறேன்.

வாரம் ஒருமுறை 20 நிமிடம்

பெஞ்சமின் பிராங்ளின் இளைஞராக இருந்தபோது 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்டு, வருடத்துக்கு நான்கு சுற்று வரும்படி ஒரு சிறு நோட்டு வைத்திருந்தார். தவறிய நாளில் கறுப்புப் புள்ளி. புதிய சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டது. பிறகு தந்தத் தகடுகளில் கோடு போட்டு, பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். பொருட்களையும் நேரத்தையும் ஒழுங்காக வைப்பது மட்டும் கடைசிவரை தனக்குச் சரியாக வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்தது அந்த ஓட்டை விழுந்த தாள். எத்தனை முறை திரும்பி வந்திருந்தால் தாள் ஓட்டையாகும்!

என் வாரப் பார்வை எளிமையானது. ஞாயிறு மாலை நோட்டைத் திறந்து காலிக் கட்டங்களைப் படிப்பேன். எந்தக் காரணம் திரும்ப வருகிறது, திட்டத்தில் மாற்ற வேண்டிய ஒரே ஒரு விஷயம் எது, யாருக்காவது கொடுத்த வாக்கு நிலுவையில் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை விடாதீர்கள். "அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்த ஒரு கோப்பு, "கூப்பிடுகிறேன்" என்ற ஒரு அழைப்பு. எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நம்பிக்கை தேய்ந்தது இந்தச் சின்னச் சொற்களில்தான் என்று தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

அடுத்த பழக்கத்தை எப்போது சேர்ப்பது

நாள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அடையாளம் வேறு. ஒருநாள் இரவு டிக் போட நோட்டை எடுப்பீர்கள். இன்று செய்தோமா என்று ஒரு நொடி சந்தேகம் வரும். புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அடையாளம் 2 பக்கம் நகர்ந்திருக்கும். செய்ததே நினைவில் இல்லாத அளவுக்கு அது தானாக நடந்திருக்கிறது. எனக்கு வாசிப்பில் அது நடக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நடையில் ஆறு வாரம்.

அந்த அடையாளம் ஒரு வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்ததென்றால், ஸ்கேலை எடுத்து நோட்டில் இரண்டாவது வரிசைக்குக் கோடு போடுங்கள். தலைப்பை எழுதுங்கள். கீழே அதன் அடி அளவையும், எதற்குப் பிறகு, எங்கே என்பதையும், விட்டுப்போன மறுநாள் என்ன செய்வீர்கள் என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.